அழைப்பு வராததற்குக் காரணம் ஆட்டமல்ல

"1951 சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி தோற்காததற்குக் காரணம் எதிரணிகள் சொத்தை, அதனால்தான் பவுல் ஆட்டத்துக்கு (பருவம் முடிந்ததும் அழைப்பின் பேரில் கல்லூரி அணிகள் ஆடும் சிறப்பு ஆட்டம்) யாரும் கூப்பிடவில்லை" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மைகூட இல்லை.

எதிரணிகளில் பெரிய பெயர்கள் குறைவுதான், சரி. ஆனால் 9 ஆட்டம், 9 வெற்றி. ஆலி மேட்சன் ஒருவரே அந்தப் பருவத்தில் பந்தோடு 1,566 யார்டு ஓடினார். நாட்டிலேயே அதுதான் அதிகம். மறு வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் வாங்கினார். அவரும், ஜினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் இருவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியில் மூன்று பேர்! எதிரணிகள் சொத்தை என்பதால் மட்டுமா இந்த அணி ஜெயித்தது?

அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள்: மேட்சன், பர்ல் டோலர். அவர்களை விட்டுவிட்டு வந்தால் தெற்கே பவுல் ஆட்டத்தில் இடம் உண்டு என்று சொல்லப்பட்டது. வெள்ளை வீரர்கள் யோசிக்கவே இல்லை, முடியாது என்றார்கள். பவுல் ஆட்டப் பணம் வந்திருந்தால் கடனில் தவித்த அந்தக் கால்பந்துத் திட்டத்துக்கு உதவியிருக்கும். வரவில்லை, பருவம் முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிட்டது.

டோலர் முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனார். அப்புறம் 1965-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் முதல் கறுப்பின நடுவரானார்.