டா வின்சி பிணம் திருடினாரா?

"டா வின்சி கல்லறையிலிருந்து பிணங்களைத் திருடி, திருச்சபைக்குத் தெரியாமல் அறுத்து வரைந்தார். பிடிபட்டிருந்தால் மரண தண்டனை" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. கூடவே வரும் தசை ஓவியம் அவருடையதுதான். கதை தவறு.

பிணத்தை அறுத்துப் படிப்பதைத் திருச்சபை தடை செய்யவில்லை. 1299இல் போப் எட்டாம் போனிஃபாஸ் கண்டித்தது வேறொன்றை: தூர தேசத்தில் இறந்தவரின் உடலை வெட்டி வேகவைத்து, எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை. அந்த ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்துதான் குழப்பம் வளர்ந்தது. டா வின்சிக்கு வெகுகாலம் முன்பே இத்தாலியின் பொலோன்யாவில் மொன்தினோ என்ற மருத்துவப் பேராசிரியர் மாணவர்களுக்கு உடலை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தினார். 1316 வாக்கில் அதற்கென்றே நூலும் எழுதினார்.

டா வின்சி உடல்களை அறுத்துப் படித்த இடங்களில் ஒன்று ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை. அங்கே நூறு வயதைக் கடந்த ஒரு முதியவர், பலவீனம் தவிர வேறு குறையில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இவ்வளவு அமைதியான சாவுக்குக் காரணம் என்ன என்று அறியவே டா வின்சி அந்த உடலைத் திறந்தார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் வற்றிச் சுருங்கியிருந்ததைக் குறித்துவைத்தார். பேசிக்கொண்டிருந்த மனிதரை இவ்வளவு பரிவோடு படித்தவரைத் திருடன் என்பது பெரிய அநியாயம்.

பின்னாளில் ரோமில் ஒருவர் புகார் சொல்லி அவருடைய ஆய்வு தடைபட்டது உண்மை. அதற்காக யாரும் அவரைத் தண்டிக்கவில்லை.