ஒதுங்குவது வேறு, தங்குவது வேறு

ஞாயிற்றுக்கிழமைக் கலைச்சொல் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நேரலையில் பார்த்த சிலர், "ஏன் பேசாமல் உட்கார்ந்துவிட்டீர்கள்?" என்று உட்பெட்டியில் கேட்டார்கள். அங்கே முடிக்க விடாததை இங்கே முடித்துவிடுகிறேன்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடி அந்தக் கூட்டம் தயாரித்த பட்டியலில், ஷெல்டர்பெல்ட் என்பதற்குத் 'தங்குமிடப் பட்டை' என்று முடிவு செய்திருக்கிறார்கள். காற்றின் வேகத்தைத் தணிப்பதற்காக வயலோரத்தில் வரிசையாக நடப்படும் மரங்களுக்குத்தான் இந்தப் பெயர். அமெரிக்கச் சமவெளியைப் புழுதிப் புயல்கள் அலைக்கழித்த காலத்தில், 1934இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் 1942க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்களை இப்படி நட்டார்கள். அவற்றை நட்டது மண்ணையும் பயிரையும் காக்க. யாரும் அங்கே பாய் விரித்துப் படுப்பதற்காக அல்ல.

ஒதுங்குவது வேறு, தங்குவது வேறு. மழை வந்தால் ஒதுங்குகிறோம், குண்டு விழுந்தால் பதுங்குகிறோம், துரத்தப்பட்டால் புகல் தேடுகிறோம், இரவானால் தங்குகிறோம். அதனால்தான் பதுங்குகுழி என்கிறோமே தவிர, தங்குகுழி என்று யாரும் சொல்வதில்லை. வெயிலுக்குப் பந்தல், மாட்டுக்குக் கொட்டில், காவலுக்குப் பரண், சுவரையொட்டி இறக்கினால் சாய்ப்பு, காற்றுக்குத் தட்டி. எதிலிருந்து காக்கிறது, யாரைக் காக்கிறது என்பதைச் சொல்லைக் கேட்டவுடனேயே தெரிந்துகொள்ளலாம். வீசும் திசையை வைத்தே வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்த மொழியில், அந்தக் காற்றிலிருந்து ஒதுங்க ஒரு சொல் அகப்படவில்லையாம்.

என் அப்பா நாற்றுப் பாத்திக்குக் காற்று வரும் பக்கமாக மூங்கில் பிளாச்சில் தட்டி கட்டுவார். பிளாச்சுக்கும் பிளாச்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவார். எட்டு வயதில் எனக்கு அது சோம்பேறி வேலையாகப் பட்டது. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் இடைவெளி முழுவதையும் வைக்கோலாலும் கிழிந்த சாக்காலும் அடைத்து வைத்தேன். அன்றிரவு அடித்த காற்றில் தட்டி பாத்தியின் மேலேயே குப்புற விழுந்து, பாதி நாற்று நசுங்கிப்போயிற்று. அப்பா அடிக்கவில்லை. சாக்கை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே, "காத்த மறிக்காதடா, சலிச்சு விடு" என்றார். ஏறக்குறைய பாதி இடைவெளியுள்ள தடுப்பே நெடுந்தொலைவுக்குக் காக்கும், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்று நன்றாகத் தணிந்திருக்கும், அடைத்த சுவராக இருந்தால் காற்று மேலேறிக் குதித்துப் பின்புறம் சுழன்றடிக்கும் என்பதையெல்லாம் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அப்பாவுக்கு அதற்கு ஒரு வினைச்சொல்லே போதுமானதாக இருந்தது.

'அப்படியானால் புதுச்சொல்லே கூடாதா?' என்று கேட்பீர்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? நிழற்குடை என்பது புதிதாக வந்த சொல்தானே, எவ்வளவு அழகாக நின்றுவிட்டது! அதை உருவாக்கியவருக்கு, பேருந்துக்குக் காத்திருப்பவர் அங்கே தங்க வரவில்லை என்பது தெரிந்திருக்கிறது. 'காற்றுத் தடுப்பு' என்றால்கூட, முழுச் சரியில்லை என்றாலும், பேசாமல் இருந்துவிடுவேன். காற்றைத் தணிக்கும் தடுப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயரான விண்ட்பிரேக்குக்குக் 'காற்றுமுறிப்பு' என்று அதே பட்டியலில் போட்டிருக்கிறார்களே, காற்று என்ன முருங்கைக் கிளையா, முறிப்பதற்கு?

'தட்டி, படல் எல்லாம் இடத்துக்கு இடம் பொருள் மாறும்' என்றார் கூட்டத்தில் ஒருவர். மாறட்டும். எந்தச் சொல்தான் மாறவில்லை?

'ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா?' என்பவர்களுக்கு: கோபம் சொல்லுக்காக மட்டும் என்று நானும் ஞாயிறு மாலைவரை நம்பிக்கொண்டிருந்தேன். தட்டி என்ற சொல்லை அப்பாவின் கதையோடு சேர்த்து நான் சொல்லத் தொடங்கியபோது, மேடையிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தபடியே, "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்கள் பேச்சையெல்லாம் கலைச்சொல்லாக்க முடியுமா?" என்றார். அரங்கமும் சிரித்தது. அந்த நொடியில் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: ஐயா, நீங்களும் 'தங்காதவர்கள்' என்று சொல்லவில்லையே! ஒருவரை இழிவுபடுத்த வேண்டியிருந்தபோது மட்டும் மிகச் சரியான வினைச்சொல் உங்கள் நாக்குக்கு எப்படி வந்தது? பட்டியலில் கையெழுத்திடும்போது அது எங்கே போயிருந்தது?

அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லைதான். ஒதுங்க விட்டிருந்தால் ஒதுங்கியிருப்பார்.

பட்டியல் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறதாம். நன்றியுரையில் என் பெயரும் இருப்பதாகச் சொன்னார்கள். அதை எடுத்துவிடும்படி இன்று காலை எழுதிவிட்டேன்.