அவன் கேட்டான்

அந்த வீடியோவை நான் இங்கே போடப் போவதில்லை. எல்லாரும் பார்த்தாச்சு. ஜி.எச். மார்ச்சுவரி வாசல், வேப்பமரத்தடி, விபத்தில் பையனைப் பறிகொடுத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர், பக்கத்தில் குத்தவைத்து "ஐயா, பையன் போட்டோ ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கிற நிருபர். மொத்தம் 14 விநாடி. மூன்று நாளாக என் டைம்லைனில் வேறு எதுவுமே இல்லை. பிணந்தின்னி. எச்சப்பொறுக்கி. நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா. என் நட்புப் பட்டியலில் உள்ள இரண்டு கவிஞர்களும் ஒரு பல் டாக்டரும் 'கழுகு' என்ற உவமையைத் தனித்தனியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். வாழ்த்துகள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அவன் கேட்டான்.

விபத்து நடந்த மறுநாள் காலையில் அந்தப் பையனின் படத்தை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? கூலிங் கிளாஸ் போட்டு பைக்கில் சாய்ந்து நிற்பானே, அந்தப் படம். அதை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அவன் இன்ஸ்டாகிராமிலிருந்து உருவியது. உருவியவர் மார்ச்சுவரிக்கு வரவில்லை, வெயிலில் நிற்கவில்லை, அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு ஏசி அறையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நியூஸ் கார்டில் ஒட்டி, மூலையில் லோகோவும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குக் கீழே நீங்கள் அழுகிற எமோஜி போட்டீர்கள். ஷேரும் செய்தீர்கள். வாய்விட்டுக் கேட்டவன் கழுகு, கேட்காமல் எடுத்தவர் ஊடகம்.

நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

ஒரு தாலுகா நிருபரின் நாள் எப்படிப் போகும் என்று தெரியுமா? காலை ஆறு மணிக்கு டீக்கடை. முதலில் புரட்டுவது சொந்தப் பேப்பரை இல்லை, அடுத்தவன் பேப்பரை. நமக்கு என்ன விட்டுப்போச்சு என்று பார்க்க. ஏழரைக்குள் ஆபீஸ் போன் வந்துவிடும். "அவங்களுக்கு வந்திருக்கு, நமக்கு ஏன் வரல?" அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ரைட்டர்களுக்கு போன், ஜி.எச். அவுட்போஸ்ட் ஏட்டுக்கு போன். "அண்ணே, ஏதும் விசேஷம் உண்டா?" விசேஷம் என்றால் சாவு. 17 வருஷம் தினமும் காலையில் இதைக் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் என் மனைவி, "யார் வீட்டு விசேஷம்?" என்று கேட்டாள். சொன்னேன். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். பகுதி நேர நிருபருக்குப் பல இடங்களில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வந்த செய்தியை வெட்டி, தாளில் ஒட்டி, மாசக் கடைசியில் அனுப்பினால் அளந்து பார்த்துப் பணம் போடுவார்கள். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை 2011-ல் அறிவிக்கப்பட்டது, 2014-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தாலுகா நிருபரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், மஜீதியா எந்த ஊர் பிரியாணிக் கடை என்று கேட்பார். இதில் தீபாவளி மலருக்கு விளம்பர டார்கெட் வேறு. செப்டம்பரில் எந்த ஆஸ்பத்திரியில் தவறான சிகிச்சை என்று முற்றுகை நடந்ததோ, அதே ஆஸ்பத்திரி முதலாளி முன்னால் அக்டோபரில் அரைப்பக்க விளம்பரத்துக்குக் கைகட்டி நிற்கணும். நின்றிருக்கிறேன். நீங்கள் திட்ட வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதை யாரும் 14 விநாடி வீடியோவாக எடுப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேட்டான்.

"பத்திரிகை தர்மம் என்று ஒன்று இல்லையா?" என்று பல் டாக்டர் கேட்டிருக்கிறார். இருக்கிறது சார். இந்தியப் பத்திரிகை கவுன்சில் நெறிமுறைகளே வைத்திருக்கிறது. தனிப்பட்ட துயர நேரத்தில் கேமராவோடு நுழைவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. அந்த மூச்சிலேயே, விபத்திலும் இயற்கைப் பேரிடரிலும் சிக்கியவர்களைப் படமெடுப்பது பொதுநலனுக்காக இருக்கலாம் என்றும் சொல்கிறது. மார்ச்சுவரி வாசல் இந்த இரண்டில் எதில் சேரும்? சாயங்காலம் நாலு மணிக்கு, செய்தியைத் திருத்திப் பக்கம் போடுகிற டெஸ்க் போன் லைனில் காத்திருக்கும்போது, அதை அந்த நிருபர் தனியாக முடிவு செய்யணும். மீறினால் கவுன்சில் என்ன செய்யும் தெரியுமா? எச்சரிக்கும், கண்டிக்கும். அதற்கு மேல் 1978-ஆம் வருஷச் சட்டத்தில் அதற்கு அதிகாரம் இல்லை.

எங்கே வாயே திறக்கக் கூடாதோ அங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ படமோ வரக் கூடாது. இறந்துபோயிருந்தாலும் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் அதையே சொல்கிறது. நிருபர்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பேட்டியில் சொன்னது எந்த நிருபரும் இல்லை, போலீஸ் அதிகாரி. அரசாணையிலும் பெயர் இருந்தது. 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அப்போது 'கழுகு' என்று எழுதினீர்களா? தேடிப் பார்த்தேன். அந்த வாரம் நீங்கள் வால்பாறை டூர் படங்கள் போட்டிருக்கிறீர்கள்.

"கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?" கூடாது. மாவட்டப் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே கேட்காவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்கணும், பாடி வந்து இறங்குகிற நேரத்தில். எது மேல்? இரண்டுமே மேல் இல்லைதான், அதை விடுங்கள்.

"போட்டோ எதற்கு?" இதற்கு மட்டும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்கிறேன். போட்டோ இல்லாவிட்டால் அந்தப் பையன் 'லாரி மோதி வாலிபர் பலி'. ஆறு வரி. நம் பேப்பர்களில் மனுஷன் செத்தால் அவனுக்குப் பெயர்கூட இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரியில் அவன் வாலிபர், தொழிலாளி, மூதாட்டி, இளம்பெண். எப்படிச் செத்தான் என்பதற்கும் டெஸ்க்கில் ரெடிமேட் வார்த்தை இருக்கிறது, 'உடல் நசுங்கி'. அதைப் படித்துவிட்டு நீங்கள் பக்கத்தைத் திருப்புவீர்கள். முகம் இருந்தால் ஒரு நொடி நிற்பீர்கள். விபத்து நடந்த அந்த வளைவில் ஒளிரும் பலகை வைக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் கொடுத்த மனு அடுத்த நாள் செய்தியாகும். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 94 குழந்தைகள். நான் அப்போது இந்த வேலைக்குப் புதுசு. 94 என்பது எண். முகம் முகமாகப் பார்த்தபோதுதான் ஊர் கொதித்தது. அந்த முகங்களுக்காக யாரோ ஒருவன் யாரோ ஒரு அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான்.

"உங்க வீட்டுல நடந்தா தெரியும்." நடந்திருக்கிறது. எங்கள் அண்ணன் செத்த அன்று என் ஆபீஸிலிருந்தே போன் வந்தது. முதலில் "ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி", அப்புறம் "மார்பளவு போட்டோ ஒண்ணு அனுப்பிடு". அனுப்பினேன். எட்டு வரிச் செய்தியையும் நானேதான் எழுதிக் கொடுத்தேன்.

அந்த நிருபரிடம் நேற்று ராத்திரி பேசினேன். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது, நம்பர் வாங்கிப் பேசினேன். 24 வயசு. அம்மா மொபைலுக்கு அந்த வீடியோவை அனுப்பி வைத்த புண்ணியவான் சொந்தத் தாய்மாமன். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். இவன் மொபைலில் படமெடுத்துக்கொண்டு அங்கேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்ற அவர் தம்பிக்குத் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வீடியோ அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எடுத்தவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது போல.

"அண்ணே, நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டான். தப்பில்லை என்று சொன்னேன். சட்டென்று சொல்லிவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

2005. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். நர்சிங் படிக்கிற பொண்ணு, டேங்கர் லாரி. நானும் கேட்டேன், இதே மாதிரி குத்தவைத்துத்தான். அவள் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். "இது ஒண்ணுதான் இருக்கு தம்பி." "நாளைக்கே கொண்டாந்து தந்துடறேன் ஐயா." அப்போது என்னிடம் கேமரா மொபைலும் இல்லை, ஊரில் ஸ்கேனரும் இல்லை. எல்லாம் பஸ் கவர்தான். செய்தியையும் போட்டோவையும் கவரில் போட்டு ஒட்டி, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், அங்கே ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். போய்ச் சேர்ந்தது. பேப்பரில் வந்தது. திரும்பி வரவில்லை.

அவர் மூன்று தடவை வந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நானும் திருச்சிக்குப் போய்ப் பழைய படங்கள் போடும் அட்டைப்பெட்டியைக் கொட்டிப் பார்த்தேன். எத்தனை முகம் அதில்! எல்லாமே யாரோ வீட்டிலிருந்து யாரோ கேட்டு வாங்கியது. ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவில் 'சிங்கிள் காலம்', அதாவது ஒரு பத்தி அகலம். அந்தப் பொண்ணு மட்டும் இல்லை.

மூன்றாவது தடவை, "அந்தப் பேப்பராச்சும் ஒண்ணு இருக்குமா தம்பி?" என்றார். ஃபைலிலிருந்து உருவிக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டக்க வைத்து, விரலை ஓட்டி, ரொம்ப நேரம் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பேரு மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க. பரவால்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பல் டாக்டர் சார், அந்த 24 வயசுப் பையனை விட்டுவிடுங்கள். கழுகு என்று யாரையாவது எழுதியே ஆகணும் என்றால், என் முகவரி உங்களிடம் இருக்கிறது.