ஆங்கிலத் தோட்டத்தை மீட்டவர்கள்

ஆங்கிலத் தோட்டம் என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, வளைந்து போகும் ஏரி, அங்கங்கே ஓக் மரங்கள், பின்னால் ஒரு பிரபுவின் மாளிகை. வரலாறு எழுதுகிறவர்களும் முதல் மரியாதையை அதற்கே தருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பூங்காக்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்து உலகத்துக்குத் தந்த நல்ல தோட்டம் வீட்டை ஒட்டிய தோட்டம். சுவரில் ரோஜாக் கொடி, பக்கத்துப் பாத்தியில் முட்டைக்கோஸ், நடுவில் நடக்க ஒரு பாதை. அதைப் பிரபுக்கள் மதிக்கவில்லை. மதித்தவர்கள் ஓவியர்களும் எழுத்தாளர்களும்.

பெரிய பூங்காக்களின் கதையிலும் எழுத்தாளர்களுக்கு இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பணக்காரர் தோட்டங்கள் பிரெஞ்சு, டச்சு பாணியில் நேர்க்கோடுகளாக இருந்த காலம். செடிகளைப் பந்தாகவும் மிருகமாகவும் கத்தரித்து நிறுத்துவார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713-இல் ஒரு கட்டுரையில் இந்தக் கத்தரிப்பை வறுத்தெடுத்தார். பிறகு 1719-இல் லண்டனுக்கு மேற்கே ட்விக்கன்ஹாமில், தேம்ஸ் கரையில் குடியேறினார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சாலை போனது. சாலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, அதைக் கிளிஞ்சல்களும் கண்ணாடித் துண்டுகளும் கனிமக் கற்களும் பதித்த குகையாக மாற்றினார். வீடு இடிக்கப்பட்டுவிட்டது, குகை இன்றும் இருக்கிறது. எதைச் செய்தாலும் அந்த இடத்தின் இயல்பைக் கேட்டுச் செய் என்று பின்னாளில் ஒரு கவிதையில் எழுதினார். தோட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

அடுத்து வில்லியம் கென்ட். இத்தாலியில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர், ஓவியம் போலவே நிலத்தை அமைத்தார். வேலியை அவர் தாண்டிக் குதித்தார், இயற்கை முழுவதும் தோட்டம் என்று கண்டார் என எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் அவரைப் புகழ்ந்தார். வேலி எங்கே போனது? பள்ளத்துக்குள் இறங்கியது. தோட்டத்தின் விளிம்பில் ஆழமான பள்ளம் வெட்டி, ஒரு பக்கம் செங்குத்தாகச் சுவர் கட்டிவிடுவார்கள். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் ஒன்றாகத் தெரியும். ஆடுமாடு மட்டும் இந்தப் பக்கம் வர முடியாது. கேப்பபிலிட்டி பிரவுன் (1716–1783) என்ற தோட்ட வடிவமைப்பாளர் இந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனார். இங்கே காற்புள்ளி வைக்கிறேன், அங்கே முற்றுப்புள்ளி வைக்கிறேன் என்று ஹன்னா மோர் என்ற எழுத்தாளரிடம் கையை நீட்டிக் காட்டித் தன் தொழிலை விளக்கினாராம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது.

ஆனால் அந்த வாக்கியத்தில் அடித்து நீக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் நியூன்ஹாம் கோர்ட்னி என்ற ஊரை, பூங்காவுக்கு இடைஞ்சல் என்று ஹார்கோர்ட் பிரபு 1760-களில் அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார். டார்செட்டில் மில்டன் பிரபுவும் தன் வீட்டருகே இருந்த ஒரு சிறு நகரத்தையே அகற்றிவிட்டு, கண்ணில் படாத பள்ளத்தாக்கில் புதிய ஊர் கட்டினார். அந்த வேலையில் பிரவுனும் இருந்தார். 1770-இல் ஆலிவர் கோல்ட்ஸ்மித் கைவிடப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றி நீண்ட கவிதை எழுதினார். பல ஏழைகளுக்குச் சோறு போட்ட நிலத்தை ஒரு பணக்காரன் தன் ஏரிக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொள்கிறான் என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தக் கிராமம் நியூன்ஹாம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பிரவுனின் மேதைமையைப் பக்கம் பக்கமாகப் பேசும் புத்தகங்கள் இந்த ஊர்களை ஓரிரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜான் கிளேர் என்ற கவிஞரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூலித் தொழிலாளியின் மகன், 1793-இல் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் பிறந்தவர். பர்லி மாளிகையின் பூங்காவை அமைக்கப் பிரவுன் சுமார் 25 ஆண்டுகள் உழைத்தார். அதே மாளிகையின் காய்கறித் தோட்டத்தில் பிற்பாடு கிளேர் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 1809-இல் அவர் ஊரின் பொது நிலங்களை வளைத்து வேலியிட நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆடுமாடு மேய்ந்த, சிறுவர்கள் சுற்றித் திரிந்த நிலம் துண்டு துண்டானதை அவர் அளவுக்கு வலியோடு யாரும் எழுதவில்லை. மாளிகை வாசலில் வேலி மறைந்த காலமும் கிராமத்தில் வேலி முளைத்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1822-இல் ஒரு கடிதத்தில், கனவான்களின் பூங்கா எனக்கு வெறுப்பு, அது இயற்கை இல்லை, அதனால் அழகும் இல்லை என்று எழுதினார். சரி, அவருக்கு எது அழகு? 1815-இல், தாயார் இறந்த ஆண்டில், சஃபோக்கில் உள்ள பெற்றோர் வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு ஓவியங்கள் தீட்டினார். ஒன்று அப்பாவின் பூந்தோட்டம், இன்னொன்று காய்கறித் தோட்டம். இரண்டுமே இரண்டடி அகலம்கூட இல்லாதவை. பூந்தோட்டத்தில் வட்டமான பாத்தி, புல்தரையின் மேல் நீண்டு விழும் மாலை நிழல். காய்கறித் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பாத்திகள், அப்பால் வயல், தொலைவில் அப்பாவின் காற்றாலை. அந்த ஊர்க்காரருக்கு எந்த மரம் எங்கே என்று சொல்லிவிட முடியும், அவ்வளவு துல்லியம். வாழ்நாள் முழுக்க இவற்றை அவர் விற்கவில்லை. இன்று இப்ஸ்விச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆங்கிலத் தோட்டத்துக்கு ஒரே ஒரு படம் காட்டச் சொன்னால், பிளென்ஹைம் மாளிகையில் பிரவுன் அமைத்த ஏரியைத் தள்ளிவைத்துவிட்டு இந்த இரண்டில் ஒன்றைத்தான் காட்டுவேன்.

விக்டோரியா காலத்தில் கண்ணாடி வீடுகள் வந்தன. வெளிநாட்டுச் செடிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து, கோடையில் கம்பளம் விரித்ததுபோல் வண்ண வண்ணமாக நட்டுவிட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறிந்தார்கள். தனியாக இருக்கும்போது நினைத்தால்கூட வெட்கத்தில் முகம் சிவக்கிறது என்றார் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ். அவர் கெல்ம்ஸ்காட் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் குருவிகள் ஸ்ட்ராபெர்ரி திருடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1883-இல் அதையே துணிக்கு வடிவமாக வரைந்தார். அந்தத் துணி இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அப்புறம் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). என் மனதுக்கு மிக நெருக்கமானவர். ஓவியம் படித்தவர், கடுமையான கிட்டப்பார்வை. கண் மேலும் மோசமாகி நுணுக்கமான வேலையை விட வேண்டி வந்தபோது, முழு மூச்சாகத் தோட்டத்துக்கு வந்தார். சரே மாவட்டத்தில் தன் மன்ஸ்டட் வுட் வீட்டில் 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பாத்தி போட்டார். ஓரத்தில் சாம்பல் பச்சை இலைகள், நீலம், வெள்ளை, வெளிர் மஞ்சள். உள்ளே போகப் போக அடர் மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் கொதிக்கும் சிவப்பு. பிறகு அதே மாதிரி படிப்படியாகத் தணிந்து குளிர்ந்த நிறங்களுக்குத் திரும்பும். தெளிவாகப் பார்க்க முடியாத கண்ணுக்கு நிறம்தான் முதலில் தெரியும் என்று எனக்குத் தோன்றும். எந்தச் செடி எப்போது பூக்கும், பூத்து முடிந்த இடத்தை எது மூடும் என்பதுவரை கணக்குப் போட்டு வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் குடியானவர்களின் குடிசைத் தோட்டங்களைப் பார்த்துப் படம் பிடித்து, அவற்றிலிருந்து கற்றேன் என்று எழுதியும் வைத்தார். இந்தக் குணத்துக்காகவே அவரை மதிக்கிறேன்.

1920-இல் ஓவியர் வில்லியம் நிக்கல்சன் ஜீக்கிலின் உருவத்தை வரைய வந்தார். பகலில் உட்கார ஜீக்கிலுக்கு நேரமில்லை, தோட்டத்தில் வேலை. காத்திருந்த நேரத்தில் நிக்கல்சன் அவருடைய பூட்ஸை வரைந்தார். மண்ணில் நடந்து நடந்து தோல் மடங்கி உருக்குலைந்த பழைய பூட்ஸ். அது இப்போது டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டுக்கும் ஒரு வலி உண்டு. பிறந்து வளர்ந்த நோல் மாளிகை, பெண் என்ற ஒரே காரணத்தால் 1928-இல் சித்தப்பா கைக்குப் போய்விட்டது. 1930-இல் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் அவரும் கென்ட் மாவட்டத்தில் சிசிங்ஹர்ஸ்ட் என்ற சிதிலமான இடத்தை வாங்கினார்கள். குப்பையை அள்ளவே மூன்று ஆண்டுகள். கணவர் நேர்க்கோடுகளைப் போட்டார், விட்டா அவை தெரியாத அளவுக்குச் செடியை அள்ளி நிரப்பினார். வெள்ளைப் பூக்கள் மட்டுமே கொண்ட பகுதி உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1959-இல் வேலைக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பமேலா ஷ்வெர்ட், சிபில் க்ராய்ட்ஸ்பெர்கர் என்ற இரு பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று நாம் பார்த்து வியப்பதில் பெரும்பங்கு அவர்கள் உழைப்பு.

எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் லெனர்ட் வூல்ஃப் தன் சுயசரிதையில் எழுதியதையும் சொல்ல வேண்டும். 1939-இல் ராட்மெல் வீட்டில், ஆப்பிள் மரத்தடியில் அவர் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். ஹிட்லர் வானொலியில் பேசுகிறார், வா என்று வீட்டுக்குள்ளிருந்து வர்ஜீனியா கூப்பிட்டார். நான் வரவில்லை, ஐரிஸ் நடுகிறேன், அவன் செத்து நெடுநாள் ஆன பிறகும் இது பூக்கும் என்று பதில் சொன்னார். ஹிட்லர் இறந்து 21 ஆண்டுகள் கழித்தும் அவற்றில் சில பூத்தன.

மன்ஸ்டட் வுட் வீட்டை 2023-இல் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கியிருக்கிறது. மனம் நிறைந்த செய்தி. அங்கே வைக்கப்போகும் தகவல் பலகைகளில் ஜீக்கிலோடு, அவரிடம் வேலை பார்த்த தோட்டக்காரர்கள் பெயரும், அவர் பாடம் கற்ற குடிசைத் தோட்டங்களின் படங்களும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நியூன்ஹாம் பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்களும் கோல்ட்ஸ்மித்தின் கவிதையைக் கூடவே வைத்து எழுதட்டும்.