ஒரு கீயைப் படித்துப் பார்த்ததற்கு மூன்று நாள்

மூன்று நாள் போய்விட்டது, புரோகிராமில் ஒரே ஒரு லைனுக்காக. அந்த லைன் டேபிளில் எதையும் எழுதவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஒரு கீயின் பெயரை லாகில், அதாவது நடப்பதைப் பதிந்து வைக்கும் ஃபைலில், போட்டது, அவ்வளவுதான்.

சி++ புரோகிராம், அதற்குள் லூவா என்ற ஸ்கிரிப்டிங் மொழி. செட்டிங்ஸ் எல்லாம் ஒரு லூவா டேபிளில் இருக்கும்; அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் அதை அடையாளம் காட்ட ஒரு கீ உண்டு. சி++ பக்கத்திலிருந்து அதை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்போம். இதற்கு லூவா_நெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. கையில் இருக்கும் கீயைக் கொடுத்தால் அடுத்த கீயையும் அதன் மதிப்பையும் ஸ்டாக்கில், அதாவது இரண்டு மொழியும் டேட்டாவைக் கை மாற்றும் அடுக்கில், வைக்கும். நடுவில், எழுத்து வடிவத்தைக் கொடுக்கும் லூவா_டுஸ்ட்ரிங் போட்டு அந்தக் கீயை லாகில் எழுதியிருந்தோம். கீ எல்லாம் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்தாக, இருந்தவரை ஒரு குறையும் இல்லை. வருடக்கணக்கில் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஒருவர் டேபிளில் எண்ணைக் கீயாக வைத்தார். தாராளமாக வைக்கலாம், லூவாவில் அது முழுக்கச் சரி.

டுஸ்ட்ரிங் என்ன செய்கிறது தெரியுமா? எண்ணின் எழுத்து வடிவத்தைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. ஸ்டாக்கில் இருக்கும் அந்த எண்ணையே ஸ்ட்ரிங்காக மாற்றி வைத்துவிடுகிறது. 10 என்ற எண் இருந்த இடத்தில் இப்போது '10' என்ற ஸ்ட்ரிங். லூவாவுக்கு அவை இரண்டும் வேறு வேறு கீ. அடுத்த சுற்றில் நெக்ஸ்ட் '10' என்ற ஸ்ட்ரிங்கைத் தேடும். டேபிளில் அப்படி ஒன்று இருக்காது. எரர் கொடுத்து விழும்.

அந்த லாக் லைன், லாக் லெவலைக் கூட்டி வைத்தால் மட்டுமே ஓடும். அதனால் புகார் வந்த மெஷினில் விழுகிறது, என் மெஷினில் விழவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க லாகைத் திறந்தால் விழுகிறது, மூடினால் ஓடுகிறது. எரர் மெசேஜோ, நெக்ஸ்டுக்குக் கொடுத்த கீ தவறு என்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே டேபிளில் புதுக் கீயைச் சேர்த்தாலும் இதே எரர் வரலாம். அதை நம்பி இரண்டு நாள் ஸ்கிரிப்ட் எழுதியவரைக் குடைந்து எடுத்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

'மேனுவலிலேயே போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?' என்று கேட்பார்கள். போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. கீ ஸ்ட்ரிங்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதன்மேல் இதை நேரடியாக அழைக்காதே என்று எச்சரிக்கையே இருக்கிறது. ஆனால் படிக்கிற மாதிரி பெயர் வைத்துவிட்டு எழுதுகிற ஒரு ஃபங்ஷனுக்கு எச்சரிக்கை மேனுவலில் ஒரு மூலையில் இருந்து என்ன பயன்? புரோகிராமைப் படிப்பவர் கண்ணில் அது படாது. கம்பைலருக்கும் தெரியாது. ரிவ்யூ செய்த இரண்டு பேரும் அந்த லைனைப் பார்த்துவிட்டுத்தான் ஓகே போட்டார்கள்.

எனக்கு லூவா மேல் கோபம் இல்லை. 1993இல் பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி, வேறு புரோகிராமுக்குள் உட்காருவதற்கென்றே வளர்க்கப்பட்டது, அந்த வேலையை மற்றப் பல மொழிகளைவிட நன்றாகவே செய்கிறது. என் கோபம், இரண்டு மொழிக்கும் நடுவில் டேட்டா கை மாறும் அந்த இடத்தின் மேல். ஒரு பொருள் யாருடையது, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், யார் அதை மாற்றலாம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கோடில் எழுதப்பட்டிருக்காது. எல்லாவற்றையும் ஆள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் மறந்த இடத்தில் வலிக்காது, வேறெங்கோ வெடிக்கும்.

பைத்தானுக்குப் போனால் மட்டும் என்ன? லிஸ்டிலிருந்து ஒன்றை எடுக்க பைலிஸ்ட்_கெட்ஐட்டம். அது கொடுப்பது இரவல், பொருள் நமக்குச் சொந்தமாகாது. அதே லிஸ்டில் ஒன்றை வைக்க பைலிஸ்ட்_செட்ஐட்டம். அது நம் கையிலிருப்பதைத் திருடிக்கொள்கிறது. திருடுவது என்பது என் வசவு இல்லை, பைத்தான் ஆவணத்திலேயே இருக்கும் சொல். சரி, வைப்பதெல்லாம் திருட்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், டிக்ஷனரியில் வைக்கும் பைடிக்ட்_செட்ஐட்டம் திருடாது. பெயர் ஒரே அச்சு, விதி நேரெதிர். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கவுன்ட்டை ஒன்று குறைக்க மறந்தால் மெமரி கசியும். ஒன்று கூடுதலாகக் குறைத்தால், சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் பத்து நிமிடம் கழித்து விழும். இரவல் தராமல் சொந்தமாகவே தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் 2024இல் பைத்தான் 3.13இல்தான் வந்தது. அதுவரை இத்தனை வருடம் எத்தனை பேர் இந்த இரவலில் மாட்டியிருப்பார்கள்!

ஸ்ட்ரிங் இன்னொரு வதை. லூவாவிடம் கேட்டால் ஒரு பாயின்டரை, அதாவது மெமரியில் அது இருக்கும் இடத்தின் முகவரியை, கொடுக்கும். ஸ்டாக்கிலிருந்து அந்த மதிப்பை பாப் செய்து எடுத்துவிட்டால் பாயின்டருக்கு உத்தரவாதம் போயிற்று. ஆனால் உடனே ஒன்றும் ஆகாது. பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் வந்து கூட்டும்வரை பழைய எழுத்து அதே இடத்தில் அப்படியே இருக்கும். டெஸ்ட் இரண்டு செகண்டில் முடிந்துவிடும், எல்லாம் பச்சை. நாலு மணி நேரம் ஓடிய சர்வரில் அந்த இடத்தில் வேறெதுவோ இருக்கும்.

எண்ணாவது ஒழுங்கா என்றால் அதுவும் கிடையாது. 2015இல் லூவா 5.3 வரும்வரை, வழக்கமான பில்டில் லூவாவுக்கு எல்லா எண்ணும் டபுள், அதாவது மிகப் பெரிய முழு எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க முடியாத தசம எண் வகை. 9007199254740993 என்ற ஐடியை அனுப்பினால் திரும்பி வரும்போது கடைசி இலக்கம் 2. லூவாவின் வேகமான இன்னொரு வடிவமான லூவாஜிட் இன்றும் 5.1 வழியில்தான் நிற்கிறது, அதனால் இது பழங்கதை இல்லை. எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. இரண்டு பேருடைய ரெக்கார்டு ஒன்றாகிவிடும்.

அப்புறம் எரர் வரும்போது நடப்பது. லூவாவை சி கோடாக பில்ட் செய்திருந்தால், எரர் என்பது லாங்ஜம்ப், நடுவில் உள்ள ஃபங்ஷன்களை விட்டுத் தாவுவது. நடுவில் இருக்கும், முடியும்போது சுத்தம் செய்யும் சி++ டிஸ்ட்ரக்டர்களை மதிக்காமல் ஒரே தாவாகத் தாவிவிடும். லாக்_கார்டு போட்டு மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, பிடித்திருக்கிறாயா? எங்களுக்கு அது திறக்கப்படவே இல்லை. அடுத்த த்ரெட் வந்து வாசலில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது, இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம். எந்த டுடோரியலை எடுத்தாலும் பத்து லைன்: ஸ்டேட் உருவாக்கு, ஸ்கிரிப்டை ஓட்டு, 'ஹலோ' அச்சாகும், பார்த்தாயா எவ்வளவு சுலபம் என்று முடித்துவிடுவார்கள். ஹலோவை அச்சிட யாருக்கு ஸ்கிரிப்டிங் மொழி வேண்டும்? சி++ பக்கம் ஒரு ஆப்ஜெக்ட் இருக்கிறது, அதன் பாயின்டரை ஸ்கிரிப்ட் ஒரு வேரியபிளில் பிடித்து வைத்திருக்கிறது, சி++ அதை டிலீட் செய்துவிட்டது, இப்போது ஸ்கிரிப்ட் அதன் பெயரைக் கேட்கிறது. முதல் வாரத்திலேயே எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். அங்கே வந்ததும் டுடோரியல் முடிந்திருக்கும்.

நான் இப்போது பாயின்டரை ஸ்கிரிப்ட் பக்கம் அனுப்புவதே இல்லை. ஒரு எண் கொடுக்கிறேன்: பட்டியலில் எந்த இடம், அந்த இடம் எத்தனையாவது முறை பயன்படுகிறது. ஒவ்வொரு முறையும் சி++ சரிபார்த்துவிட்டுத்தான் ஆப்ஜெக்டைத் தொடும். செத்துப்போன ஆப்ஜெக்ட் என்றால் அங்கேயே நிறுத்திவிடும். சின்ன டேட்டாவை நகல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மெதுவாகுமே என்பார்கள். நொடிக்கு 60 முறை பத்தாயிரம் ஐட்டத்தை நகல் எடுத்தால் கண்டிப்பாக ஆகும், அந்த மாதிரி இடத்தில் டேட்டாவை சி++ பக்கமே விட்டுவிட்டு ஃபங்ஷனை மட்டும் கொடுக்க வேண்டும். ஆனால் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை படிக்கிற செட்டிங்ஸுக்கும் வேகம் வேகம் என்று பாயின்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்கள் மிச்சம் பிடித்தது மைக்ரோசெகண்ட். நான் கட்டியது மூன்று நாள்.

நேற்று அந்த லைனைத் திருத்தினேன். லூவா_புஷ்வேல்யூ போட்டுக் கீயை ஒரு நகல் எடுத்து, நகலின்மேல் டுஸ்ட்ரிங், லாக் எழுதியதும் ஒரு பாப். கூடியது இரண்டு லைன். அப்புறம் ஒரு சந்தேகத்தில் லூவா_நெக்ஸ்ட் என்று முழு கோடிலும் தேடினேன். அதே தப்போடு இன்னும் நான்கு இடம். அந்த டேபிள்களில் இன்னும் யாரும் எண்ணைக் கீயாக வைக்கவில்லை, அதனால் விழவில்லை. இன்று காலையிலிருந்து அவற்றைத்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.