கதை தெரிந்ததுதான், சரி. அப்புறம்?

'அவதார்' மூன்றாம் பாகம் வந்ததிலிருந்து டைம்லைனில் ஒரே விமர்சனத்தைத்தான் ஆள் மாற்றி ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "விஷுவல் மிரட்டல், கதை பழசு." 2022இல் இரண்டாம் பாகத்துக்கும் இதேதான். 2009 டிசம்பரில் முதல் பாகம் வந்தபோதும் இதேதான். பதினாறு வருடமாக ஒரே விமர்சனத்தை எழுதிக்கொண்டு, ஜேம்ஸ் கேமரூன் எடுத்த கதையையே எடுக்கிறார் என்று குறைப்படுவதில் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது.

அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. முதல் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமியிலிருந்து பண்டோரா என்ற வேற்றுலகத்துக்குப் போன ஜேக் சல்லி, அங்கே வாழும் நாவி இனத்தாரின் நீல உடம்புக்குள் புகுந்து காட்டில் கால் வைத்ததுமே, மிச்சக் கதையைப் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிடலாம். உளவு பார்க்கப் போனவன் அவர்களில் ஒருவன் ஆவான், தலைவரின் மகளைக் காதலிப்பான், குட்டு வெளிப்பட்டுத் துரத்தப்படுவான், கடைசியில் திரும்பி வந்து காப்பாற்றுவான். 1990இல் வந்த 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்', 1995இல் வந்த 'போகஹாண்டஸ்' என்று அப்போதே பட்டியல் போட்டாயிற்று. படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு அமெரிக்க கார்ட்டூன் தொடர் இதைக் கிண்டலடித்து ஒரு எபிசோடே ஒளிபரப்பியது. தீர்ப்பு முதலில், படம் பிறகு!

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். "அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது" என்பதை எப்போதிலிருந்து ஒரு குற்றமாக வைக்க ஆரம்பித்தோம்? கர்ண மோட்சம் கூத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பவருக்குக் கர்ணன் சாவான் என்பது தெரியாதா? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். மனைவி பொன்னுருவி வந்து வழிமறிக்கும்போது அவன் என்ன சொல்லிவிட்டுப் போகப் போகிறான், இந்த வாத்தியார் அதை எப்படிப் பாடப் போகிறார், அதுதான் அவருக்கு வேண்டும். முடிவு தெரிந்த கதையை ரசிக்கத் தெரியாத ஜனங்கள் இல்லை நாம். ஓடிடி வந்த பிறகுதான் ட்விஸ்ட் இல்லாத படமெல்லாம் மொக்கை என்று ஒரு புதுப் பழக்கம்.

அவதாருக்கு வந்த கூட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் முதல் வாரக் கடைசி வசூல் 7.7 கோடி டாலர். அந்த நாட்களில் கிழக்குக் கரையில் பெரிய பனிப்புயல் வேறு. 23.7 கோடி டாலர் செலவென்று சொல்லப்பட்ட படத்துக்கு இது ஆஹா ஓஹோ என்று கொண்டாடும் தொடக்கம் இல்லை. பெரிய பட்ஜெட் படங்கள் இரண்டாவது வாரம் பாதிக்குப் பாதி சரிவது வழக்கம். இது 7.56 கோடியில் நின்றது, இரண்டு சதவீதம்கூடக் குறையவில்லை. ஏழு வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவும் இல்லை. மறுவெளியீடுகளையும் சேர்த்து உலகம் முழுக்க சுமார் 292 கோடி டாலர். வெறும் கிராஃபிக்ஸுக்குக் கூட்டம் ஒரு தடவை வரும். திரும்பத் திரும்ப வர, வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வர, வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

அது என்னவென்று எனக்குத் தெரிந்தது ஒரு சின்னக் காட்சியில். சக்கர நாற்காலியில் வாழ்கிறவன் ஜேக். புது உடம்பில் கண் விழிக்கிறான். முதலில் கால் விரல்களை அசைத்துப் பார்க்கிறான். டாக்டர்கள் உட்காரு உட்காரு என்று கத்தக் கத்த, ஒட்டியிருக்கும் வயர்களைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். கொஞ்ச தூரம் ஓடி நின்று, விரல்களை மண்ணுக்குள் புதைக்கிறான். அவ்வளவுதான் காட்சி. வசனமாகச் சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அந்த விரல்களுக்கு இடையில் மண் ஏறுவதைப் பார்த்தபோது, இவன் இனி நாற்காலிக்குத் திரும்ப மாட்டான் என்று தியேட்டரில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஊகிக்க முடிந்துவிட்டதே என்று ஒருத்தரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ராத்திரிக் காடு. கால் வைக்கிற இடமெல்லாம் ஒளிர்ந்து அடங்குகிறது. புனித மரத்தின் விதைகள் மிதந்து வந்து அவன் மேல் உட்காருகின்றன. பவர் கண்ணாடிக்கு மேல் 3டி கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, மூக்கு வலிக்க வலிக்கப் பார்த்தவன் நான். 3டி என்றால் ஈட்டியை முகத்துக்கு நேரே எறிவது என்றுதான் அதுவரை பழக்கம். கேமரூன் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. திரைக்குப் பின்னால் ஆழத்தைத் திறந்துவிட்டு, நம்மை உள்ளே எட்டிப் பார்க்க வைத்தார். எனக்கு முன் வரிசையில் ஒரு குழந்தை விதையைப் பிடிக்கக் கை நீட்டியது. அதன் அப்பா, குழந்தை பார்க்காத நேரமாகப் பார்த்து, தானும் நீட்டினார்.

இவ்வளவு புதிது புதிதாகக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் படத்தில் கதையும் நாலு முடிச்சு போட்டிருந்தால், இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்போம். புது மிருகங்கள், புதுச் செடி கொடிகள், பால் ஃப்ராமர் என்ற மொழியியலாளரை வைத்து உருவாக்கிய ஒரு புது மொழி. கதை தெரிந்த கதையாக இருந்ததால்தான் கண்ணுக்கு ஓய்வாகச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைத்தது. இதை கேமரூனின் குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் ரசிகர் மன்றப் போஸ்டர் ஆகிவிடும். படத்தில் நிஜமான குறை ஒன்று உண்டு. "கதை பழசு" என்ற வசதியான வரி அதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் புகார்.

2010 ஜனவரியில் சிஎன்என்னில் ஒரு செய்தி வந்தது. படம் பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வாம். பண்டோராவுக்குப் போக முடியாது என்ற ஏக்கம், வெளியே வந்தால் ஊரே சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்று புலம்பல். ரசிகர் தளம் ஒன்றில் இந்த ஏக்கத்தை எப்படித் தாங்குவது என்று ஆயிரத்துக்கு மேல் பதிவுகள். நம் ஆட்கள் இதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அதில் உறைத்தது, அவர்கள் ஏங்கியது அந்த இடத்துக்காக என்பது. ஜேக்கை நினைத்தோ அவன் காதலி நேய்த்திரியை நினைத்தோ யாரும் தூக்கம் கெடவில்லை. படம் ஜெயித்த இடமும் அதுதான், தோற்ற இடமும் அதுதான். வாடிகனின் செய்தித்தாள்கூட, தொழில்நுட்பம் அசத்துகிறது, உணர்ச்சிதான் போதவில்லை என்ற ரீதியில் எழுதியது. ஆஸ்கர்க்காரர்களும் நம் ஃபேஸ்புக் கமெண்டையேதான் போட்டார்கள். ஒன்பது பரிந்துரைகளில் திரைக்கதைக்கு ஒன்றுமில்லை, நடிப்புக்கு ஒன்றுமில்லை. கடைசியில் கலை இயக்கம், ஒளிப்பதிவு, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று மூன்று விருதுகள். சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டும் கேமரூனின் முன்னாள் மனைவி கேத்ரின் பிக்லோவுக்குப் போயின. (அந்த ராத்திரிக்குத்தான் நல்ல திரைக்கதை!)

குறை கதையில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. கர்ணன் செத்தால் நமக்கு வலிப்பது, அவன் இரண்டு பக்கமும் இழுபடுகிறவன் என்பதால். படத்தின் வில்லன் கர்னல் குவாரிச் எந்தப் பக்கமும் இழுபடவில்லை. காபி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஊரை எரிக்கிறார், கெட்டவர், முடிந்தது. அவரைவிட சுவாரஸ்யமான ஆள் சுரங்கக் கம்பெனி அதிகாரி செல்ஃப்ரிட்ஜ். கட்டுப்பாட்டு அறையில் கோல்ஃப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். கிலோ இரண்டு கோடி போகிற கல் ஒரு துண்டு அவர் மேஜைமேல் அந்தரத்தில் மிதக்கும். மருந்து, பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் தருகிறேன் என்கிறோம், இவர்களுக்குச் சேறுதான் பிடிக்கிறது என்று சலித்துக்கொள்வார். இந்தப் பேச்சை நாம் எத்தனை கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில், டிவி விவாதங்களில் கேட்டிருக்கிறோம். நாவிகள் குடியிருக்கும் அந்தப் பெரிய மரம் விழும்போது அவர் முகம் ஒரு நொடி இறுகும். சே, என்ன செய்துவிட்டோம் என்று ஒரு நிழல். கேமரா அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை, அடுத்த வெடிக்குப் போய்விட்டது.

இன்னொன்று, எனக்குப் பெரிதாக உறுத்தியது. தோருக் என்ற ராட்சதப் பறவையை அடக்கியவர்கள் நாவி இனத்தின் வரலாற்றிலேயே ஐந்து பேர்தான் என்று நேய்த்திரி சொல்வாள். ஆறாவது ஆள் யார்? மூன்று மாதம் அவர்களோடு பழகிய நம் ஜேக். பிறந்ததிலிருந்து பறக்கிற நாவி வீரன் சூத்தேய்க்கு அந்த யோசனையே வராது போல!

2010 பிப்ரவரியில் ஒடிசாவின் நியமகிரி மலை டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்காக, சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு ஹாலிவுட் பத்திரிகையான 'வெரைட்டி'யில் ஒரு விளம்பரம் கொடுத்தது. உங்கள் படத்தில் வருவது இங்கே நிஜமாகவே நடக்கிறது, உதவுங்கள் என்று கேமரூனுக்கு வேண்டுகோள். அவர்கள் சாமியாகக் கும்பிடும் மலையின் உச்சியில் பாக்சைட் வெட்ட வேதாந்தா நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதே மாதம் பாலஸ்தீனத்தின் பிலின் கிராமத்தில், தடுப்புச் சுவரை எதிர்த்துப் போராடியவர்கள் உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். நாம் பாப்கார்னோடு "இதெல்லாம் எத்தனை தடவை பார்த்தாச்சு" என்று சொன்ன கதையில், அவர்கள் தங்களைக் கண்டுகொண்டார்கள்.

நியமகிரியில் கதை எப்படி முடிந்தது என்பதுதான் சுவாரஸ்யம். 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் தீர்ப்பு. பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது, மாவட்ட நீதிபதி அந்தஸ்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வெளியிலிருந்து உதவியவர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பறவை மேல் ஏறி வந்து பேசியது யாரும் இல்லை. அந்த ஊர்க்காரர்களே எழுந்து நின்று, இது எங்கள் நியம ராஜாவின் மலை, தர மாட்டோம் என்றார்கள். இந்த முடிவை எந்த ஹாலிவுட் எழுத்தாளரும் ஊகித்திருக்க மாட்டார். ஊகித்திருந்தாலும் கிளைமாக்ஸில் சண்டை இல்லையே என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

"படம் ஓடியது, ஆனால் ஒருத்தருக்கும் கேரக்டர் பேர் ஞாபகமில்லை" என்ற நக்கலுக்கு 2022இல் இரண்டாம் பாகம் சுமார் 232 கோடி டாலரில் பதில் சொல்லிவிட்டது. அதில் பயாகன் என்ற திமிங்கலம் கப்பல் மேல் பாய்ந்தபோது விசில் பறந்தது. அந்தத் திமிங்கலத்துக்கு ஒரு பழி இருந்தது, ஒதுக்கிவைக்கப்பட்ட வலி இருந்தது. மனிதப் பாத்திரங்கள் பலருக்கு எழுதாததை அதற்கு எழுதியிருந்தார்கள். குவாரிச்சுக்கும் மகன் என்று ஒருத்தனைக் கொடுத்து, கத்தி அந்தப் பையன் கழுத்துக்கு வரும்போது கொஞ்சம் தடுமாற வைத்தார்கள். ஆகவே எழுத வராது என்று சொல்ல முடியாது, வருகிறது.

நான்காவது பாகம் 2029 டிசம்பர் என்று அறிவித்திருக்கிறார்கள். பூமிக்காரன் மறுபடி வருவான், எரிப்பான், தோற்பான், அது இப்போதே தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, முதல் வாரமே போய் உட்காருவேன். செல்ஃப்ரிட்ஜ் மாதிரி ஒருத்தனைக் கொண்டுவந்து, மரம் விழுந்த அன்றைக்கு ராத்திரி அவன் எப்படிச் சாப்பிட உட்கார்ந்தான் என்று ஐந்து நிமிடம் காட்டினால் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு 3டிகூட வேண்டாம்.