'போலாம்'னா யார் காசு?

ஹரி: அக்கா, ஜிபேல உங்களுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பலாம்னு பாத்தேன். அந்த ஆப்ஷனையே காணோம்.

மல்லிகா: காணாமப் போகல. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்புறதை 2025 அக்டோபர் 1லருந்து நிறுத்திட்டாங்க. அதை வெச்சு ஏமாத்துறவங்க ஜாஸ்தியாயிட்டாங்களாம்.

ஹரி: அதான் நேர்லயே வந்துட்டேன்.

மல்லிகா: ஏமாத்தவா?

ஹரி: ஐயோ அக்கா. சனிக்கிழமை என் பர்த்டே டின்னர் கணக்கு. தலைக்கு 1,680.

மல்லிகா: எந்தத் தலைக்கு?

ஹரி: உங்க தலைக்குத்தான்.

மல்லிகா: நான் சாப்பிட்டது ஒரு தயிர்சாதம், ஒரு லைம் சோடா. 120ம் 90ம் 210. பில்லைக் காட்டு.

(அக்கவுண்ட்ஸ்ல 22 வருஷமா உக்காந்திருக்கிறவங்க கையில பில்லைக் குடுக்கக் கூடாது. ஹரி குடுத்துட்டான்.)

மல்லிகா: மட்டன் பிரியாணி 5, 1,900. சிக்கன் பிரியாணி 2, 640. வஞ்சிரம் வறுவல் 4, 1,800. நண்டு மசாலா 2, 1,120. இறால் தொக்கு, சிக்கன் 65, பரோட்டா, மாக்டெயில் 9, ஐஸ்கிரீம் 9... எல்லாம் சேத்து 10,780. சர்வீஸ் சார்ஜ் 10 பர்சன்ட். அதுக்கு மேல ஜிஎஸ்டி 5 பர்சன்ட். ஆக 12,451. சரி, கேக்கு?

ஹரி: ஒரு கிலோ, 950. மொத்தம் 13,401. எட்டால வகுத்தேன்.

மல்லிகா: எட்டால வகுத்தா 1,675 ரூபா சொச்சம். நீ 1,680 கேக்கற. எட்டுப் பேருக்கு 13,440. மீதி 39 ரூபா எங்க?

ஹரி: ரவுண்டு பண்ணேன்க்கா!

மல்லிகா: ஊருல எல்லாரும் பொறந்தநாளுக்குச் செலவு பண்ணுவாங்க. நீ ஒருத்தன்தான் லாபம் பாத்திருக்க. அது இருக்கட்டும், அன்னைக்கு டேபிள்ல பத்துப் பேர். எட்டு எப்படி வந்துச்சு?

ஹரி: நான் பர்த்டே பேபி, என்னைக் கழிச்சாச்சு. அப்புறம் கார்த்தியோட ரூம்மேட். அவன் நம்ம குரூப்புல இல்ல, எப்படிக் கேக்கறது?

மல்லிகா: நண்டு ரெண்டுல ஒண்ணை அவன்தான் உடைச்சான். காலை உறிஞ்சின சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. குரூப்புல இல்லாதவனுக்கு நண்டு, குரூப்புல இருக்கறவளுக்கு பில்லா?

ஹரி: அக்கா, எல்லாரும் பிரிச்சுக்கறதுன்னுதானே போனோம்?

மல்லிகா: யாரு சொன்னா? நீ குரூப்புல போட்டதைப் படி.

ஹரி: 'சனிக்கிழமை என் பர்த்டே. எல்லாரும் டின்னர் போலாம்.'

மல்லிகா: அதுல காசுன்னு எங்க இருக்கு?

ஹரி: 'போலாம்'னா ஆளாளுக்குப் போட்டுக்கறதுதானே? 'ட்ரீட்'னு நான் சொல்லவே இல்லையே.

மல்லிகா: 'ட்ரீட்'னா உன் காசு. 'கூட்டிட்டுப் போறேன்'னாலும் உன் காசு. 'வாங்க'ன்னாலும் உன் காசுதான். இந்த 'போலாம்' இருக்கு பாரு, அதுல போறவன் இருக்கான், குடுக்கறவன் இல்ல. தெரிஞ்சேதான் போட்டிருக்க. 'என் பர்த்டே'ன்னு பக்கத்துலயே இருந்தா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டவன் பந்தியில உக்கார வெச்சு காசு கேப்பானா?

ஹரி: கல்யாணத்துல மொய் வாங்குறாங்களே!

மல்லிகா: வாங்குறாங்க. எவ்வளவுன்னு முடிவு பண்றது எழுதுறவன். 101 எழுதுறவனும் இருக்கான், 5,001 எழுதுறவனும் இருக்கான். சமையல் காண்ட்ராக்ட் பில்லை இலைக் கணக்குல வகுத்து, வாசல்ல நின்னு வசூல் பண்ற மாப்பிள்ளையை நீ பாத்திருக்கியா?

ஹரி: இப்ப ட்ரெண்டு மாறிடுச்சுக்கா. பர்த்டே பையனுக்கு ஃப்ரெண்ட்ஸ்தான் வாங்கித் தரணும்.

மல்லிகா: தாராளமா. அப்ப கூப்பிடறது ஃப்ரெண்ட்ஸ், ஹோட்டலைப் பாக்கறது ஃப்ரெண்ட்ஸ், தலைக்கு எவ்வளவுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கறதும் ஃப்ரெண்ட்ஸ். நாள் குறிச்சது நீ, ஹோட்டல் புடிச்சது நீ, நண்டு சொன்னது நீ. காசு மட்டும் ஃப்ரெண்ட்ஸா? போன ஏப்ரல்ல ரமேஷ் தன் பர்த்டேக்குக் காசு குடுக்க யோசிச்சப்ப, 'யாருக்கு பர்த்டேயோ அவங்கதானே தரணும்'னு சொன்னது எந்த ட்ரெண்டு?

ஹரி: அது... ஏப்ரல்.

மல்லிகா: ஸ்கூல்ல கலர் ட்ரெஸ் போட்டுட்டு ஆசை சாக்லேட் பாக்கெட்டைத் தூக்கிட்டு கிளாஸ் கிளாஸா சுத்தினியே, தலைக்கு ஒரு ரூபா வாங்கினியா? டீச்சருக்கு ரெண்டு குடுத்தியே, அவங்ககிட்ட டபுளா வாங்கினியா?

ஹரி: அக்கா, என்னைக் குடையறதை விட்டுட்டு ஹோட்டல்காரனைக் கேளுங்க. சர்வீஸ் சார்ஜே ஆயிரத்துக்கு மேல போட்டிருக்கான்.

மல்லிகா: 1,078. அதுக்கு மேல ஜிஎஸ்டி 53 ரூபா 90 பைசா. ஜிஎஸ்டியைக் கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்ல. தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னு சொல்லியாச்சு. 'எடுத்துடுங்க'ன்னு கேக்கணும். மாட்டேன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் போடணும். நீ கேட்டியா?

ஹரி: எல்லார் முன்னாடியும் எப்படிக்கா கேக்கறது? வெக்கமா இருக்காது?

மல்லிகா: எல்லார் முன்னாடியும் மூஞ்சி பூரா கேக்கைப் பூசிக்கிட்டு நின்ன. அப்ப வராத வெக்கம் இதுக்கு வந்துடுச்சா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலைக்கு 141 ரூபா குறைஞ்சிருக்கும். என் தயிர்சாதமே 120தான்.

ஹரி: கேக்குக்காவது குடுங்களேன்.

மல்லிகா: அது முட்டை கேக்கு. கால் கிலோ வாயில போச்சு, முக்கால் கிலோ மூஞ்சில போச்சு. என் வாயிலயும் படல, மூஞ்சிலயும் படல.

ஹரி: ஒவ்வொருத்தர் சாப்பிட்டதையும் தனித்தனியா எழுதிக்கிட்டு இருக்க முடியுமா?

மல்லிகா: நீ ஏன் எழுதணும்? ஆர்டர் எடுக்க வந்தவர்கிட்ட, 'வெஜ் தனி கேஓடி, நான்வெஜ் தனி கேஓடி, ரெண்டு பில்லு'ன்னு உக்காந்த உடனே சொல்லணும். கேஓடின்னா கிச்சனுக்குப் போற ஆர்டர் சீட்டு. முதல் சூப் வர்றதுக்குள்ள சொன்னா அவங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல. பில் அடிச்சப்புறம் பிரிக்கச் சொன்னா, மேனேஜர் வந்து பழசை கேன்சல் பண்ணிட்டுப் புதுசா அடிக்கணும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, வாசல்ல இருபது பேர் நிக்கறப்ப, எவன் செய்வான்? நீ சொல்லல. சொல்லியிருந்தா நண்டு வந்திருக்காது.

ஹரி: நண்டுக்கும் இதுக்கும் என்னக்கா?

மல்லிகா: நீ சாப்பாட்டுக்கு நடுவுல 'எல்லாம் சமமாப் பிரிச்சுக்கலாம்'னு கார்த்தி காதுல சொன்ன பாரு, அதுவரைக்கும் அவன் சிக்கன் பிரியாணிதான் சொல்லியிருந்தான். அடுத்த நிமிஷம் மட்டனா மாறுச்சு. வஞ்சிரம் ரெண்டு நாலாச்சு. 560 ரூபா நண்டுக்கு தன் பங்கு 70தான்னு தெரிஞ்சா எவன் பரோட்டாவோட நிறுத்துவான்?

ஹரி: நீங்களும் ஒரு நண்டு சொல்லியிருக்கலாமே.

மல்லிகா: நான் சைவம்டா! மூணு வருஷமா பக்கத்து சீட்டு!

ஹரி: சாரிக்கா.

மல்லிகா: என்னை விடு. புதுசா வந்திருக்காளே ட்ரெயினி பொண்ணு, அவளைக் கவனிச்சியா? மெனு கார்டுல வலது பக்கம் விரலை வெச்சு மேலருந்து கீழ இழுத்தா. விலை முதல்ல, பேர் அப்புறம். ரெண்டு பரோட்டா போதும், மத்தியானம் லேட்டா சாப்பிட்டேன்னா. மத்தியானம் பன்னிரண்டரைக்கு என் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டா.

ஹரி: அவ நேத்தே அனுப்பிட்டாக்கா. முதல்ல அனுப்பினதே அவதான்.

மல்லிகா: அனுப்புவா. சேந்து ரெண்டு மாசம், சீனியர் கேட்டா இல்லேன்னு சொல்லவா முடியும்? அவ சம்பளம் 14,000. சம்பள பில்லு போடறதே நான்தான். 1,680ங்கறது அவளுக்கு மூணரை நாள் கூலி. ரெண்டு பரோட்டாவுக்கு.

(ஹரி பில்லை எடுத்து நாலா மடிச்சான்.)

ஹரி: அவளுக்குத் திருப்பி அனுப்பிடறேன்.

மல்லிகா: பரோட்டா 45 ரூபா, ரெண்டு 90. மாக்டெயில் 180, ஐஸ்கிரீம் 110. மொத்தம் 380, ஜிஎஸ்டி 19. 399 எடுத்துட்டு மீதி 1,281 அனுப்பு. அந்த மாக்டெயிலும் நீ அவளைக் கேக்காமலே சொன்னது.

ஹரி: அப்ப மொத்த ஓட்டையும் என் தலையில. 12,451 கிரெடிட் கார்டுல தேச்சிருக்கேன்க்கா.

மல்லிகா: தேச்சதுக்குப் பாயிண்ட் வந்திருக்குமே. அதையும் எட்டாப் பிரிச்சியா?

(ஹரி ஃபோன் 'டிங்'ங்குது.)

ஹரி: 220 ரூபா 50 பைசா?

மல்லிகா: 210, ஜிஎஸ்டி பத்து ரூபா அம்பது பைசா. சர்வீஸ் சார்ஜ் உன்னோடது, கேக்கத்தான் வெக்கப்பட்டியே.

ஹரி: சரி, போகட்டும். உங்க பர்த்டே அடுத்த மாசம்தானே? எங்கயாவது போலாமாக்கா?

மல்லிகா: போங்களேன். நான் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி டேபிள்ல வெச்சிடறேன். நீங்கல்லாம் போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க. கையிலதான் 39 ரூபா இருக்கே.